சுண்டல் அள்ளிய சுரங்க மிஷின்!

ஹாலோவீன் தெரியும்தானே மக்களே? அக்டோபர் 31 ராத்திரி அமெரிக்காவில் வாண்டுகள் எல்லாம் பேய், பிசாசு, சூனியக்காரி கெட்டப்பில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி மிட்டாய் வசூல் பண்ணுமே... அதேதான். இப்போ நம்ம சென்னை அபார்ட்மென்ட்களுக்குள்ளும் பேய் நுழைஞ்சாச்சு. 'இந்தக் கூத்தெல்லாம் நமக்கு எதுக்கு?'ன்னு புலம்புறவங்க ஒரு பக்கம். 'பசங்க ஜாலியா இருக்கட்டுமே'ங்கிறவங்க இன்னொரு பக்கம். நான் சொல்ல வந்தது மூணாவது பக்கம். இதை நாங்க நெய்வேலியில் எப்பவோ பண்ணிட்டோம். மிட்டாய்க்குப் பதிலா சுண்டல். அவ்வளவுதான் வித்தியாசம்!

நம்பர் போட்ட ஊரு

சென்னையிலிருந்து பஸ் ஏறினால், பண்ருட்டி தாண்டியதும் முந்திரித் தோப்புகள் ஆரம்பிக்கும். அப்புறம் கொஞ்ச நேரத்தில் எங்க ஊரு. மத்த ஊர்ல 'எந்தத் தெரு?'ன்னு கேப்பாங்க. எங்க ஊர்ல 'எந்த பிளாக்?'னுதான் கேள்வியே. அகலமான ரோடு, ஒரே அச்சில் வார்த்த மாதிரி குவார்ட்டர்ஸ், வீட்டுக்கு வீடு மா, பலா, வேப்ப மரம். புதுசா வர்ற சொந்தக்காரங்க அடுத்த வீட்டுக்குள்ள போய் உக்காந்து காபி குடிச்சிட்டு வந்த கதை எல்லாம் எங்க பரம்பரைச் சொத்து.

1934-ல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டினப்ப கறுப்பா ஏதோ வந்ததுதான் இந்த ஊரோட பிள்ளையார் சுழி. 1956-ல் நிறுவனம் பதிவாச்சு. 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். பழுப்பு நிலக்கரி கண்ணுல பட்டது 1961-ல்தான். அந்த நிலக்கரிக்காக எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவங்கதான் டவுன்ஷிப் ஜனங்க. எங்க வீட்டுக்கு இடது பக்கம் தெலுங்கு, வலது பக்கம் மலையாளம், எதிர்ல கும்பகோணத்து மாமி. நடுவுல திருச்செந்தூர்ப் பக்கத்துத் தமிழ் பேசுற எங்கப்பா.

எங்க வீட்ல கொலு வைக்கிற பழக்கம் கிடையாது. ஆனா, நவராத்திரி ஒன்பது நாளும் நாங்கதான் பிஸி. கிருஷ்ணர், ராதை, ஆண்டாள், பாரதியார்னு ஆளுக்கொரு வேஷம் கட்டி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்புவோம். கொலு வச்சிருக்கிற வீடா பார்த்துப் புகுந்து, 'மாமி, பாடட்டுமா?' சுண்டல் கைக்கு வரும். அடுத்த வீடு! என்னோட சர்ச்சுக்குப் போற ஃப்ரெண்டுதான் எங்க செட்டுக்கு நிரந்தர ஆண்டாள். கொண்டை அவளுக்குத்தான் நிக்கும்.

அப்புறம் பெரியவளாகிப் படிச்சப்பதான் தெரிஞ்சது... ஸ்காட்லாந்து, அயர்லாந்துலயும் ஹாலோவீனுக்கு இதே டீல்தான். அங்கே மாறுவேஷத்தில் வர்ற குழந்தைங்க ஒரு பாட்டோ, ஜோக்கோ, கவிதையோ சொன்னாத்தான் பழமும் பருப்பும் கிடைக்கும். சும்மா நீட்டின பையில் விழாது. பூசணிக்காயைக் குடைஞ்சு விளக்கு வைக்கிறதெல்லாம் அமெரிக்கா போன பிறகு வந்தது. அயர்லாந்தில் அதுக்கு முன்னாடி டர்னிப் கிழங்கைத்தான் குடைஞ்சாங்க. கையில கிடைச்சதை வச்சு வேஷம், கதவைத் தட்டினா தீனி. இந்த ஃபார்முலாவுக்கு பாஸ்போர்ட்டே தேவையில்லை!

டிராகுலா ஆன் ஹாலிடே

விஷயத்துக்கு வர்றேன். நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். போன நவராத்திரி லீவுக்கு ஹாஸ்டல்லேருந்து நான் வர, சென்னையிலிருந்து அக்காவும் ரெண்டு குட்டிச் சாத்தான்களோட வந்து இறங்கினா. பெரியவனுக்கு ஏழு வயசு. சின்னவளுக்கு நாலு. பெட்டியைத் திறந்தா, உள்ளே ஆன்லைன்ல வாங்கின டிராகுலா டிரெஸ். அக்டோபர் 31-க்கு அவங்க அபார்ட்மென்ட் விழாவுக்காம். 'ட்ரையல் பார்க்கணும்'னு பெரியவன் அடம் பிடிக்க, சரின்னு அன்னிக்கே கொலுவுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

கதவைத் திறந்த எதிர்வீட்டு மாமி ஒரு செகண்ட் ஜெர்க் ஆனாங்க. அப்புறம், "அடராமா! கொலுவுக்கு ரத்தக்காட்டேரியா? வாடா கோந்தே... நம்மாத்துல ரத்தம் இல்ல, பானகம்தான் இருக்கு"ன்னு உள்ளே கூப்பிட்டுட்டாங்க. ஆனா நம்ம டிராகுலாவுக்கு பிளாஸ்டிக் பல்லு வாயில நிக்கலை. நைலான் துணிக்குள்ள வேர்த்து ஊத்துது. மூணாவது வீட்ல கழுத்துக்கிட்ட தையல் விட்டுப்போச்சு. நாலாவது வீட்டு வாசல்ல அழுகை ஸ்டார்ட். வசூல்: ஒன்றரைத் தொன்னை சுண்டல். தோல்விப் படம்!

ஒண்ணு கவனிச்சேன். நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஒரே ரோட்ல ஏழெட்டு கொலு இருக்கும். இப்போ நாலு வீடு பார்க்க ரெண்டு ரோடு சுத்த வேண்டியிருந்தது. அந்த மாமாக்கள் எல்லாம் ரிட்டயர் ஆகி, சிலர் வடக்குத்து, இந்திரா நகர்ப் பக்கம் வீடு கட்டிட்டாங்க. சிலர் பிள்ளைங்களோட சென்னை, பெங்களூர்னு போயிட்டாங்க. குவார்ட்டர்ஸ்னா அப்படித்தான். மரம் நாம நட்டது, வீடு நம்மளுது இல்லை. எங்கப்பாவுக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்கிட்டு இருந்தது. அடுத்த நவராத்திரிக்கு அந்த வாசல்ல வேற யாரோ கோலம் போடுவாங்க. அதைப் பத்தி வீட்ல யாரும் பேசலை. அப்பா மட்டும் சாயங்காலமானா மாமரத்தடியில போய் உக்காந்துக்குவார்.

குரங்கு வேஷம் போட்ட அப்பா

அழுத டிராகுலாவைச் சமாதானம் பண்ண அப்பா ஒரு கதை சொன்னார். நாங்க யாரும் கேட்டிராத கதை.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா கேள்விப்பட்டிருப்பீங்க. நேர்த்திக்கடனா வேஷம் போடுற ஊரு. காளி, குறவன் குறத்தி, போலீஸ், பிச்சைக்காரன், கரடின்னு என்ன வேணா போடலாம். மாலை போட்டு விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேஷத்தோடு ஊர் ஊரா, வீடு வீடா காணிக்கை பிரிச்சு அம்மன் உண்டியல்ல சேர்க்கணும். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். கைக்குழந்தைக்குக்கூட வேஷம் உண்டு.

அப்பாவுக்கு எட்டு வயசுல டைபாய்டு காய்ச்சல் வந்து பிழைச்சதுக்கு, ஆச்சி குரங்கு வேஷம் நேர்ந்துகிட்டாங்களாம். "துணி எடுக்க எங்கட்ட காசு? சணல் சாக்கைக் கிழிச்சு எங்கம்மா தச்சா. வாலுக்குத் தென்னை நாரு. வேர்வையில அரிச்ச அரிப்பு இருக்கே... ஆனா வீட்டுக்கு வீடு என்னைய 'வாங்க சாமி'ன்னுல்லா கூப்பிட்டாவ!"

வாயைப் பிளந்து கேட்டுட்டிருந்த சின்னவ சட்டுனு கேட்டா: "தாத்தா, எனக்கும் செஞ்சு குடு. குரங்கு வேணாம். உன் போன்ல ஒரு பெரிய்ய்ய சக்கரம் இருக்குல்ல... அது!"

சுரங்கத்துல அப்பா மெக்கானிக்கா வேலை பார்த்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்!

பிராஜெக்ட் தயிர் கப்

தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷ கிளாஸ். நிலக்கரி பூமிக்கு அடியில இருக்கு. ஒரு டன் எடுக்கணும்னா, அதுக்கு மேல இருக்கிற மண்ணை அஞ்சு கன மீட்டருக்கு மேல அள்ளணும். அதுக்குத்தான் இந்த ராட்சசன். நீட்டின கை, அதோட நுனியில ராட்டினம் மாதிரி சக்கரம், சக்கரத்தைச் சுத்தி பக்கெட். பெரிய மிஷின்ல ஒரு பக்கெட்டே 1,400 லிட்டர். சக்கரம் சுத்தச் சுத்த ஒவ்வொரு பக்கெட்டும் மண்ணைச் சீவி எடுத்து, மேலே போய்க் கவுந்து கன்வேயர் பெல்ட்ல கொட்டும். ராத்திரி பகலா ஓடும்.

'எங்கிட்ட விடுங்க, நான் இன்ஜினீயர்'னு களத்துல இறங்கினேன். மோட்டார், பேட்டரி, கியர்னு பேப்பர்ல டிசைன் போட்டேன். ஒரு மணி நேரத்துல சக்கரம் ஒரு பக்கம் சாய்ஞ்சு, மோட்டார் சூடாகி, ஃபெவிகால் என் தலைமுடியில! ஓரமா நின்னு பார்த்த அப்பா, "ஏ பிள்ள, நாலு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு மோட்டாரு? அவ கையாலயே சுத்தட்டும்"னு சொல்லிட்டு ஸ்பேனர் பெட்டியோடு வந்து உக்காந்தார்.

அட்டைப்பெட்டி பாடி. ரெண்டு வட்ட அட்டைக்கு நடுவுல எட்டு தயிர் கப். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக், பேரிங்குக்குப் பழைய நூல்கண்டுக் கட்டை. கன்வேயருக்கு அம்மாவோட கிழிஞ்ச சேலை பார்டர். தோள்ல மாட்ட ரெண்டு நாடா. 'பாத்ரூம் வந்தா அஞ்சு செகண்ட்ல கழட்டணும், முகத்தை மறைக்கக் கூடாது, படி தெரியணும்'... இதெல்லாம் அப்பா போட்ட சேஃப்டி ரூல்ஸ். சாயங்காலம் வரைக்கும் மனுஷன் மாமரத்தடிப் பக்கமே போகலை. மிச்ச அட்டையில பெரியவனுக்கு மஞ்ச ஹெல்மெட்டும் டார்ச்சும். டிராகுலா ஆபரேட்டராகிட்டான்!

சரஸ்வதி பூஜை ஸ்பெஷல்

அன்னிக்குச் சாயங்காலம் ஊர்வலம் கிளம்பிச்சு. முன்னாடி ஆபரேட்டர், பின்னாடி மிஷின், அதுக்கும் பின்னாடி வேட்டி கட்டிட்டு அப்பா. (கொலு பார்க்க அப்பா வந்தது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை!)

எதிர்வீட்டு மாமி குண்டான்ல கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவந்தாங்க. சின்னவ பக்கத்துல போய்ச் சக்கரத்தைச் சுத்தினா பாருங்க... ஒரு தயிர் கப் சுண்டலை அள்ளி, மேலே போய், கவுந்து, சேலை பார்டர்ல உருண்டு, அண்ணன் பிடிச்சிருந்த பையில 'டக்'னு விழுந்தது. பாதி தரையிலயும் விழுந்தது, அதை விடுங்க. மாமி கைதட்டிச் சிரிச்சாங்க. உள்ளேயிருந்து மாமா எழுந்து வந்தார். அவரும் சுரங்கத்துல இருந்து ரிட்டயர் ஆகி, மகன் வேலையால அதே ரோட்ல தங்கினவர். குனிஞ்சு சக்கரத்தைப் பார்த்து, "என்னய்யா, பக்கெட் எண்ணிக்கை குறையுதே?"ன்னார்.

"மெயின்டனன்ஸ்ல இருக்கு சார்"னு அப்பா சொன்னார் பாருங்க, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டு பேரும் வாசப்படியில உக்காந்து, மழை நாள்ல பெல்ட் நின்ன கதை, நைட் ஷிப்ட் டீ கதைன்னு எட்டரை மணி வரைக்கும் பேசினாங்க. எங்கப்பா இத்தனை பேசுவார்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 31. சென்னை அபார்ட்மென்ட். ஆறு ஸ்பைடர்மேன், நாலு சூனியக்காரி நடுவுல நம்ம மிஷின் நிக்கிறதை அக்கா வீடியோ கால்ல காட்டினா. "இது என்ன பாப்பா, ஜெயன்ட் வீலா?"ன்னு யாரோ ஒரு ஆன்ட்டி கேக்குறாங்க. சின்னவ இடுப்புல கை வச்சுக்கிட்டுச் சொல்றா: "இல்ல. இது எங்க தாத்தாவோட மிஷின். நெய்வேலியில இருக்கு."

போனை அப்பாகிட்ட நீட்டினேன். ஏதாவது டயலாக் பேசுவார்னு பார்த்தா, தொண்டையைச் செருமிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"நட்டு டைட்டா இருக்கா பிள்ள?"