ஒற்றனை மாற்றுதல்

தமிழ் படித்தவர்கள் காரின் அடிவயிற்றைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர்களுக்கு, ஆக்சிஜன் சென்சார் என்னும் விரல் நீளக் கருவி அப்படியொன்றும் அந்நியமில்லை. அரசன் நேரில் செல்லவியலாத இடத்தில் ஒற்றன் நிற்கிறான். என்ஜினின் கணினி நேரில் காணவியலாத புகைக்குழாயில் இக்கருவி நிற்கிறது. இரண்டிடத்திலும் வந்து சேரும் செய்தியை நம்பியே ஆட்சி நடக்கிறது.

எங்களுடையது 2011ஆம் ஆண்டின் சிறிய பெட்ரோல் கார். தஞ்சாவூரிலிருந்து கல்லூரிக்குப் போய்வர மட்டுமெனில் பேருந்தே போதும். வாரம் இருமுறை அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் காரைத் தவிர்க்க இயலாது. புதிது வாங்கும் நிலையும் இப்போது இல்லை. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி பன்னிரண்டுக்கு இறங்கியது. சிகிச்சை முடிந்து சோர்ந்து திரும்பும் அம்மா, “பெட்ரோல் நாத்தம் குமட்டுதுப்பா” என்று சொல்லத் தொடங்கினார். சில நாட்களில் முகப்புப் பலகையில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது.

முதலில் பார்த்த பட்டறையில் ஓர் எளிய வழி சொன்னார்கள்: “பல்பைக் கழட்டிடலாம் சார். வண்டி நல்லாத்தான் ஓடுது.” இரண்டாமிடத்தில் ஸ்கேனரைப் பொருத்தி, பி0133 என்ற எண்ணைக் கண்டதும், “சென்சார் போச்சு, மாத்திடுவோம்” என்றார்கள். ஒருவர் செய்தியையே அழிக்கச் சொன்னார்; மற்றவர் செய்தி கொணர்ந்தவனை உடனே தண்டிக்கச் சொன்னார். இரண்டுக்கும் இடையில் விசாரணை என்றொரு படி இருக்கிறது என்பதை மூன்றாவதாகச் சந்தித்த முதிய மெக்கானிக்கிடம்தான் கண்டோம்.

அதைச் சொல்லுமுன் கருவியின் இயல்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். சென்சாரின் நுனியில் சிர்கோனியா என்னும் பீங்கான் குப்பி, இருபுறமும் பிளாட்டினப் பூச்சுடன் உள்ளது. வெளிப்புறம் புகை, உட்புறம் சாதாரணக் காற்று. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் அப்பீங்கான் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகரும். இருபுற ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டுக்கேற்ப ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1889இல் நெர்ன்ஸ்ட் வகுத்த சமன்பாடுதான் இதன் அடிப்படை. புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும், குறைந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். கணினி அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். நலமான சென்சாரின் அளவு இவ்விரு எல்லைகளுக்கிடையே ஓயாமல் ஊசலாடிக்கொண்டேயிருக்கும். பாஷ் நிறுவனம் 1976இல் இதை உற்பத்தி செய்ய, முதலில் வால்வோ கார்களில் அது இடம்பெற்றது. ஈயம் கலந்த பெட்ரோல் இதற்கு நஞ்சு. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின்தான் இக்கருவி இங்கு நிம்மதியாக வாழ முடிந்தது.

பி0133 என்பதற்குப் பொருள், சென்சார் மெதுவாகப் பதிலளிக்கிறது என்பதே. ஏன் மெதுவாகப் பதிலளிக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. எங்கள் மெக்கானிக் அறுபதைக் கடந்தவர். “சார், சென்சார் பொய் சொல்லுதா, இல்ல அதுகிட்ட யாராச்சும் பொய் சொல்றாங்களான்னு மொதல்ல பாக்கணும்” என்றார். புகைக்குழாயில் சென்சாருக்கு முன்னால் சிறு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் உண்மையாகவே ஆக்சிஜன் மிகுதி என்று அறிவிக்கும்; கணினி தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டும். அந்நிலையில் புதிய சென்சாரும் அதே செய்தியைத்தான் சொல்லும். பணம் மட்டும் போயிருக்கும்.

ஆகவே அவர் மேனிஃபோல்டின் பேக்கிங்கைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா எனப் பார்த்தார். சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தார். ஓட்டை இல்லை. பிளக்குகளைக் கழற்றினார், நான்கும் கரி பூசியிருந்தன. பெட்ரோல் மிகுதியாகப் போவது உறுதியாயிற்று. சென்சாரைச் சூடாக்கும் கம்பிச்சுருளின் மின்தடையை அளந்தார்; அது சரியாக இருந்தது. கடைசியாக, என்ஜின் நன்கு சூடேறிய நிலையில் மல்டிமீட்டரைப் பொருத்தி ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தச் சொன்னார். அக்கணத்தில் கலவை செறிவாகும், அளவு 0.8க்கு மேல் தாவ வேண்டும். எங்கள் சென்சார் மூப்படைந்தவர் படியேறுவது போல ஏறி 0.5இலேயே நின்றுவிட்டது. செறிவான புகையையும் செறிவற்றது என்றே அது அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்பதும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்பதும் வள்ளுவர் கருத்து. கரி படிந்த பிளக், மல்டிமீட்டர், குறைந்த மைலேஜ் என்று மூன்றும் இங்கே ஒத்தன. நாலாவதாக அம்மாவின் மூக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். எந்தக் கருவிக்கும் முன்னால் அதுதான் சரியாகச் சொன்னது.

மாற்றும் வேலை அரை மணி நேரம்தான். முந்தைய இரவே மரையில் துருநீக்கி எண்ணெய் விட்டிருந்தார். மறுநாள் காலை என்ஜினைச் சிறிது ஓடவிட்டு, குழாய் இளஞ்சூடாக இருக்கும்போதே, பேட்டரி இணைப்பை நீக்கிவிட்டு, பக்கவாட்டில் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் கழற்றினார். இறுகிய மரையைக் குளிர்ந்த நிலையில் பலவந்தமாகத் திருப்பினால் குழாயின் மரையும் சேர்ந்து பிய்ந்து வரும் என்றார். புதியதன் மரையில் மட்டும் பிடிப்புத் தடுப்புப் பசையை லேசாகத் தடவினார். நுனியில் ஒரு துளியும் படவிடவில்லை. அருகில் சிலிக்கான் பசையைப் பயன்படுத்தக் கூடாது, அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும் என்றும் எச்சரித்தார். கூலியும் பொருளுமாக நாலாயிரத்துச் சொச்சம். இரண்டு வாரத்தில் மைலேஜ் பதினாறுக்குத் திரும்பியது. அம்மா இப்போது வழியிலேயே தூங்கிவிடுகிறார்.

பல்பைக் கழற்றியிருந்தால் ஒரு செலவும் இல்லை. ஆனால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் உட்கூட்டையே உருக்கிவிடக்கூடும். அதன் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு. அதைவிடப் பெரிது வேறொன்று உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் நம்மை அது பெரும்பாலும் தொடுவதில்லை. சிக்னலில் நமக்குப் பின்னால், தந்தையின் ஸ்கூட்டரில் முன்புறம் நின்று வரும் குழந்தையின் மூச்சில்தான் அது சேர்கிறது. அந்தக் குழந்தையின் பொருட்டுப் பேசுவதற்கு நம் வண்டிக்குள் இருப்பது ஒரேயொரு மஞ்சள் விளக்கு.