ரெண்டும் ஒண்ணுதானா?

ஜூலை 26 நெருங்கும் வாரத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கூடுவோர் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர். நெற்றியில் விபூதியும் கையில் மெழுகுவர்த்தியுமாக வருபவர்கள் உண்டு. சீன மூதாட்டிகள் உண்டு. ஊற்று நீரைப் போத்தலில் பிடிக்கும் வரிசையில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

என் மாமியார் அந்தக் கூட்டத்தில் ஒருவர். தோட்டத்து லயத்தில், மதுரை வீரன் கோயிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, ஜூலையில் அன்னம்மாள். கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தபோது அங்கே நேர்ந்துகொண்டாராம். அதற்குப் பிறகு பிறந்தவர்தான் என் கணவர். "எல்லாம் ஒண்ணுதான்மா, நம்ம அம்மன் மாதிரிதான்" என்பார் அத்தை.

என் தம்பியும் அதையேதான் சொல்கிறான், ஆனால் கோபமாக. நாங்கள் இருவரும் கத்தோலிக்கராகப் பிறந்தவர்கள். அவன் சில ஆண்டுகளாகச் சுரூபம் எதுவும் வைக்காத வேறொரு சபைக்குப் போகிறான். "மாலை, மெழுகுவர்த்தி, பவனி, நேர்த்திக்கடன். பேரை மாத்திட்டா போதுமா அக்கா? பழைய சாமிங்களுக்குப் புதுச் சட்டை போட்டதுதானே உங்க புனிதருங்க?" தன் பிள்ளைகளை ஜூலைப் பயணத்துக்கு அத்தையோடு அனுப்புவதை நிறுத்திவிட்டான். அத்தைக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ள மாட்டார். இந்த ஆண்டு உறுதிபூசுதலுக்குத் தயாராகும் என் மகள் கேட்டாள்: "பாட்டி சொல்றது சரியா, மாமா சொல்றது சரியா?"

தம்பி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ரோமாபுரியின் பாந்தியன் தெய்வங்களுக்கென்று எழுப்பிய கோயில். 609இல் அதை மரியாளுக்கும் மறைசாட்சிகளுக்கும் நேர்ந்தளித்துத் தேவாலயமாக்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 601இல், இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த குருக்களுக்குத் திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு கடிதம் எழுதினார். அங்குள்ள கோயில்களை இடிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சிலைகளை மட்டும் அகற்றி, தீர்த்தம் தெளித்து, பீடம் அமைத்து, புனிதரின் திருப்பண்டங்களை வையுங்கள். மாடு வெட்டிப் பலியிட்டுப் பழகிய மக்கள், மறைசாட்சிகளின் திருநாளில் ஆலயத்தைச் சுற்றிக் குடில் போட்டு, மாட்டை அடித்துச் சமைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும். கடிதத்தின் சாரம் இதுதான். பழகிய இடத்துக்கே மக்கள் வந்து பழகட்டும் என்ற கணக்கு அது. மறைக்கவில்லை, எழுத்திலேயே இருக்கிறது.

ஆனால் எல்லாப் புனிதர்களையும் இந்தக் கணக்கில் அடைக்கிறவர்கள் பெயர் ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போய்விடுகிறார்கள். அன்னம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் அவருக்குப் பெரிய திருத்தலம் இருக்கிறது. அவர் அங்கே முன்பு வணங்கப்பட்ட 'அனா' என்ற பெண் தெய்வம்தான் என்று சொல்வோர் உண்டு. ஆதாரம் பெரும்பாலும் அந்த இரண்டு எழுத்துதான். நாளை ஓர் ஆய்வாளர் நம் ஊருக்கு வந்து, 'அன்னை' என்று ஒரு சொல், 'அம்மாள்' என்று ஒரு சொல், ஆகவே அன்னம்மாள் ஒரு தமிழ் அம்மன் என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஆன்னா என்ற எபிரேயப் பெயர் தமிழ் வாயில் இனிமையாக உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். பிரெஞ்சுக் குருக்கள் வழியே வந்த பக்தி இது. அன்னம்மாள் பெயர் பைபிளில் இல்லை; 2ஆம் நூற்றாண்டின் பழைய நூல் ஒன்றில்தான் வருகிறது. அதில் அவர் பிள்ளைக்காக ஏங்கி அழுத ஒரு மனைவி. பின்னர் மரியாளைப் பெற்றவர். அத்தை ஏன் அங்கே போனார் என்பதற்கு அனா தெய்வம் தேவையில்லை.

புனிதர் வணக்கம் தொடங்கிய இடமும் கோயில் அல்ல, கல்லறை. 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் முதிய ஆயர் பொலிகார்ப்பை எரித்துக் கொன்றபோது, அவருடைய மக்கள் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூட முடிவு செய்தார்கள். கிறிஸ்துவை ஆராதிக்கிறோம், மறைசாட்சிகளை அவருடைய சீடர்கள் என்று நேசிக்கிறோம் என்று அப்போதே பிரித்தும் எழுதி வைத்தார்கள். பிணத்தை ஊருக்கு வெளியே புதைப்பதே ரோமர் சட்டம். எலும்புகளைப் பீடத்துக்கு அடியில் கொண்டுவந்து வைத்த கிறிஸ்தவர்களைப் பார்த்து, பழைய தெய்வங்களை வணங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இது தங்கள் வழிபாட்டின் தொடர்ச்சியாகத் தெரியவில்லை.

நம் மரபில் இதற்கு நெருக்கமானது அம்மன் அல்ல, நடுகல் என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரை வீரனும் வாழ்ந்து வெட்டுப்பட்டு இறந்த மனிதன் என்றே கதை சொல்கிறது. ஆனால் அவன் இறந்தபின் சாமியானான். வரம் அவன் கையில் இருக்கிறது. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் 1752இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டு இறந்தவர். கோட்டாறில் அவர் கல்லறை இருக்கிறது. அவரிடம் கத்தோலிக்கர் கேட்பது வரம் அல்ல, பரிந்துரை. மன்றாட்டு மாலையைக் கவனித்துக் கேளுங்கள்: கடவுளிடம் இரக்கம் கேட்போம், புனிதர் பெயர் வந்ததும் எங்களுக்காக வேண்டச் சொல்லிக் கேட்போம். ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்று 787இல் நிக்கேயாவில் கூடிய சங்கமும் பிரித்துச் சொன்னது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் நேராகப் பாட்டியிடம் போய், "நீங்க அன்னம்மாள்கிட்ட வரம் கேட்டீங்களா, வேண்டிக்கச் சொல்லிக் கேட்டீங்களா?" என்றாள். "யார் குடுத்தா என்னடி, உங்கப்பன் வந்தான்ல?" என்றார் அத்தை. பொதுச்சங்கத்துக்கு அந்தப் பதில் போதாது. ஆனாலும் அத்தையைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புனித மோனிக்காவுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் தன் ஊர் வழக்கப்படி கஞ்சி, ரொட்டி, திராட்சை ரசம் எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டு மிலான் நகரில் புனிதர்களின் கல்லறைக்குப் போனார். வாசல் காப்பவர் தடுத்துவிட்டார். இறந்தவர்களுக்குப் படைக்கும் பழைய சடங்கு போல இருக்கிறது என்று ஆயர் அம்புரோஸ் அதைத் தடை செய்திருந்தார். மோனிக்கா மறுபேச்சில்லாமல் கூடையைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் மகன் அகுஸ்தினாரே இதை எழுதி வைத்திருக்கிறார். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "வாசல்காரர் பண்ணதுதானே சரி?" என்று பதில் வந்தது.

இருக்கலாம். போன நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எங்கள் அப்பாவின் கல்லறைக்கு எல்லாரும் போனோம். அத்தையும் வந்தார். நாங்கள் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றி முடித்ததும், அத்தை பையிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்த கோப்பி-ஓவை எடுத்து, சிலுவையின் அடியில் சாய்த்து வைத்தார். "சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன் சம்பந்தி" என்றார் கல்லைப் பார்த்து. தம்பி பக்கத்தில்தான் நின்றிருந்தான். சாயப்போன பொட்டலத்தை நிமிர்த்தி வைத்தான்.