மரத்தடியா, மேட்டுத் தெருவா?

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், மொன்ட்ரியலில் இருக்கும் சித்தப்பா மகன் அழைத்தான். "அண்ணா, கார் டயர் மாத்தப் போறேன்" என்றான். அவன் ஊரில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் காரைச் சாலையில் இறக்கக் கூடாது, சட்டமே இருக்கிறது. பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்களாம். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடுமாம். எல்லாம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன, பிஜேயில வருஷம் முழுக்க வெயில். காரை எங்க வேணும்னாலும் விட்டுட்டுத் தூங்கலாம்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் கார்க் கதவைத் திறந்தபோது, கால் வைக்கும் இடத்தில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. பூஜைக்காக வைத்த சந்தனமும் குங்குமமும் முன்பக்கத்தில் அப்படியே இருந்தன. பிள்ளையார் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. பிறகு எங்கிருந்து வந்தது தண்ணீர்?

ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேன் பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிக் காட்டினார். மழைநீர் இறங்கும் வழி அது. இரண்டு கை நிறைய மக்கிய இலை. "அங்சானா மரத்தடியிலதானே விடுறீங்க?" என்றார். வழி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேதான் இறங்குமாம். மாதம் ஒருமுறை கையை விட்டு இலையை அள்ளிப் போட்டால் போதும் என்றார். பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன், இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது.

பிஜேயில் வாழ்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க, 1952-இல் ரப்பர் தோட்டம் ஒன்றில் உருவாக்கத் தொடங்கிய ஊர் இது. ஜாலான் ஒத்மான் பக்கத்துப் பழைய டவுனில் நடந்து பாருங்கள். சைக்கிள் காலத்துத் தெருக்கள். வீட்டுக்கு ஒரு கார் நிற்கத்தான் இடம். இன்று வீட்டுக்கு மூன்று நிற்கின்றன. உள்ளே ஒன்று, கேட்டுக்கு வெளியே ஒன்று, லோங்காங் ஓரம் ஒன்று. அடுக்குமாடியில் இருக்கும் எங்களுக்கு அதுவும் இல்லை. வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல் வந்தால் கிடைத்த இடம்தான்.

கிடைக்கும் இடம் இரண்டு வகை. ஒன்று வெட்டவெளி. பகல் முழுக்க வெயில் காய்ந்தால் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. வைப்பர் ரப்பர் காய்ந்து விறைத்துவிடும். ஆனால் அது தெரிவது முதல் பெருமழையில், ஃபெடரல் ஹைவேயில், முன்னால் போகும் லாரி மறையும்போதுதான். மற்றது மரத்தடி. அங்சானா மரம் பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர்விட்டு வளரும், சீக்கிரம் நிழல் தரும். பூக்கும் நாளில் தெருவே மஞ்சள் கம்பளம். தூங்குமூஞ்சி மரமோ மாலையில் இலை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்களுக்கு 'ஐந்து மணி மரம்'. பார்க்க இரண்டும் அழகுதான். இரவில் மைனாக்கள் அடையும். காலையில் காரின் கூரையைப் பார்த்தால் தெரியும். எச்சத்தை உடனே ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும், வெயில் ஏறினால் பெயின்ட்டில் தழும்பு விழுந்துவிடும்.

எதிர்வீட்டு அங்கிள் இதற்கெல்லாம் பயந்து காருக்குப் போர்வை வாங்கினார். மழைக்காலத்தில் ஈரத்தோடு மூடி வைத்து, ஒரு மாதம் கழித்துத் திறந்தால் சீட்டெல்லாம் பூஞ்சணம். போர்வைக்கு அடியில் மணல் இருந்திருக்கிறது. உரசி உரசிக் கீறல் வேறு. இப்போது அந்தப் போர்வை அவர் வீட்டுப் பழைய வாஷிங் மெஷின்மேல் கிடக்கிறது.

இலையும் எச்சமும் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. மரமே விழுந்தால்? 2024 மே 7-ஆம் தேதி மழைக்காற்றில் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரே போனது. பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் சிதைந்தன. அதற்குப் பிறகு நான் மேலே பார்க்காமல் காரை நிறுத்துவதில்லை.

ஆனால் என் அக்காவின் கணவர் கீழே பார்ப்பவர். அவர்கள் வீடு ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில். 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை, மழை விடவே இல்லை. இங்கே ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும்தான் பெருமழை மாதங்கள். டிசம்பர் வெள்ளம் கிழக்குக் கரையின் கதை என்று எல்லாரையும் போல அத்தானும் நினைத்திருந்தார். கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததும் பொருட்களை மேசைமேல் ஏற்றினார்கள். முழங்காலுக்கு வந்தபோதுதான் கார் நினைவு. அவர் இ-ஹெய்லிங் ஓட்டுபவர். அந்தக் கார்தான் வீட்டுக்குச் சோறு.

ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பினார். அதுதான் தப்பு. எஞ்சின் காற்றை இழுக்கும் வழியாகத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டது. தண்ணீர் காற்றுபோல அமுங்காதே. உள்ளே கம்பி வளைந்து எஞ்சின் அங்கேயே செத்தது. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது, முடிந்தால் தள்ளி மேட்டில் ஏற்றி, இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும் என்று இப்போது எல்லாரிடமும் சொல்வார். அன்று தள்ள யாருமில்லை. இரவைப் பக்கத்து வீட்டு மாடியில் கழித்து, மறுநாள் படகில் வெளியே வந்தார்கள்.

அதற்குப் பிறகு இன்சூரன்ஸ். முழுக் காப்புறுதிதான் எடுத்திருந்தார். 'முழு' என்ற சொல்லை நம்பிவிட்டார். வெள்ளம், புயல், மண்சரிவு எல்லாம் தனி. கூடுதல் பணம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. ஆண்டுதோறும் ரோட் டாக்ஸோடு புதுப்பிக்கும்போது, செலவைக் குறைக்க அந்தக் கட்டத்தை அவரே விட்டிருந்தார். பேங்கில் சில மாதம் தவணையைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தாலும் கடன் கடன்தானே. "இல்லாத காருக்கு நாலு வருஷம் காசு கட்டினேன் தம்பி" என்பார். அக்கா விடியற்காலையில் நாசி லெமாக் கட்டி விற்ற நாட்கள் அவை. உங்கள் பாலிசியை இந்த வாரமே எடுத்து அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நானும் அப்போதுதான் பார்த்தேன். எனக்கும் இல்லை.

இப்போது அத்தானிடம் இன்னொரு கார் இருக்கிறது, பழையது. கட்டத்தில் டிக் போட்டுவிட்டார். ஆனாலும் வானிலைத் துறை கனமழை எச்சரிக்கை விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. முந்தின நாளே அக்காவையும் ஏற்றிக்கொண்டு, காசிங் குன்றுப் பக்கம் மேட்டில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக்கு வந்துவிடுவார்.

போன நவம்பரில் அப்படி வந்தபோது மணி ஒன்பது. ஒரே ஓர் இடம்தான் காலி, அங்சானாவுக்கு நேர் கீழே. நான் டார்ச் அடித்துக் கிளைகளைக் காட்டினேன். அத்தான் அதைப் பார்க்கவில்லை. தெரு எந்தப் பக்கம் சரிகிறது, லோங்காங்கில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் விழுமா விழாதான்னு தெரியாது. தண்ணி இங்க ஏறாது" என்று சொல்லிக் காரை உள்ளே விட்டார். அக்கா நாசி லெமாக் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.