உறுதி போயிற்று, காணி போகவில்லை

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம்மவர் பழமொழி. இதனைக் கரும்பலகையில் எழுதி மாணவருக்கு விளக்கம் கூறுவதிலேயே எமது ஆசிரிய வாழ்வின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. ஆயினும், அதன் முழுப் பொருளையும் நாம் உணர்ந்தது ஓய்வு பெற்றதன் பின்னர்தான். அதுவும் ஒரு மடிக்கணினியின் முன்னிலையில். 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் எமது இல்லத்தில் நிகழ்ந்த அச்சம்பவத்தை இங்கு எழுதுவது எம்மை நாமே நகைப்புக்கு இடமாக்கிக்கொள்வதற்கன்று. எமக்கு நேர்ந்தது இன்னொருவருக்கும் நேருமாயின், அவராவது சற்றுப் பொறுத்துக் கைவைப்பார் என்னும் எண்ணமே எம்மை எழுதத் தூண்டிற்று.

கனடாவில் வாழும் எமது தம்பி 2013 இல் ஊருக்கு வந்தபோது, அப்பிள் நிறுவனத்தாரின் 'மக்' மடிக்கணினி ஒன்றை எமக்கெனக் கொண்டுவந்தார். 500 கிகாபைற் கொள்ளளவுடைய வன்தட்டு அதனுள் இருந்தது. ஆனால், கோயில் மலரையும் பாடசாலை ஆண்டிதழையும் அச்சுக்கு ஒழுங்கு செய்வதற்கு நாம் பழகியிருந்த மென்பொருளோ விண்டோஸில் மாத்திரமே இயங்குவது. 'பாமினி' எழுத்துருவில் விரல் ஊறிப்போன எமக்கு வேறொன்றைப் பழகவும் மனம் வரவில்லை. தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணை, ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு குடும்பத்தை இருத்தலாம்" என்று கூறி, வன்தட்டில் 120 கிகாபைற் இடத்தைப் பிரித்து, அதிலே விண்டோஸ் 7ஐக் குடியேற்றிவிட்டார்.

இது எவ்வாறு இயலும் என்று வியந்தோம். அப்பிள் கணினிகள் 2006 இல் இன்டெல் செயலிகளுக்கு மாறத் தொடங்கின. அவ்வாண்டு ஏப்ரலிலேயே 'பூட் காம்ப்' எனும் மென்பொருளின் முன்னோட்டப் பதிப்பு வெளிவந்தது. மக் இயங்குதளமும் விண்டோஸும் ஒரே கணினியில் அருகருகே வாழ வழிவகுத்தது அதுவே. கணினியைத் தொடக்கும்போது 'ஒப்ஷன்' என்ற விசையை அழுத்திப் பிடித்தால், இரு வாயில்கள் திரையில் தோன்றும்; வேண்டிய வாயிலால் உட்புகலாம்.

அந்த விண்டோஸ் வாயிலுக்குள்ளேதான் எமது தந்தையார் இருந்தார் என்று சொன்னால் அது மிகையன்று. தொண்ணூறு வயதை அணுகியிருந்த அவர், 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் மாலை தோறும் விறாந்தையில் சாய்மனைக் கதிரையிலிருந்து தம் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, நாம் தட்டச்சிட்டு வந்தோம். துலா மிதித்துப் புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைத்த காலம். 1964 மார்கழிப் புயலன்று இரவு முழுவதும் கூரையைக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றமை. எந்தக் கிணற்றில் எவ்வளவு நன்னீர், எந்தக் காணியை யார் யாருக்குச் சீதனமாகக் கொடுத்தனர் என்ற விபரங்கள். இவையெல்லாம் சேர்ந்து 142 பக்கங்களாயின. 2015 தை மாதம் அவர் காலமானார். அச்சிட வேண்டும், வேறோரிடத்தில் பிரதியொன்றை வைக்க வேண்டும் என்று பலமுறை எண்ணினோம். "நாளைக்குப் பார்ப்போம்" என்ற நாளைக்கு ஒருபோதும் விடியவில்லை.

விடுமுறைக்கு வந்த மருமகன், எமது தமக்கையாரின் புதல்வன், தான் சேர்த்து வைத்திருந்த திரைப்படங்களுக்கு இடம் தேடினான். மக் பக்கத்திலுள்ள வட்டுப் பராமரிப்பு மென்பொருளைத் திறந்து, 100 கிகாபைற் அளவில் புதிய பாகமொன்றை உண்டாக்கி, அதற்குப் 'படங்கள்' என்று பெயரும் சூட்டினான். மறுநாட் காலை விண்டோஸ் வாயிலால் நுழைய முயன்றோம். கறுத்த திரையில், தொடங்குவதற்கு உரிய சாதனம் இல்லை என்ற ஒரு வரி மாத்திரமே தோன்றியது.

எமக்கு வந்த சினத்தை எழுதவேண்டியதில்லை. "மாமா, நான் விண்டோஸைத் தொடவே இல்லை" என்று பிள்ளை கண் கலங்கினான். நாம் அதனைக் காதில் வாங்கவில்லை. அவன் செய்ததை அழித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று துணிந்து, அவனை எழுப்பிவிட்டு நாமே கதிரையில் அமர்ந்தோம். திரையிலே வன்தட்டின் பாகங்கள் பெட்டி பெட்டியாக வரையப்பட்டிருந்தன. ஒன்றின் பெயர் 'படங்கள்'. மற்றொன்றின் பெயர் 'பூட்காம்ப்'. 'படங்கள்' என்றது குடும்பப் புகைப்படங்கள்தானே, அதில் கைவைக்கலாகாது என்று கருதினோம். கேட்டறியாத பெயருடைய மற்றதுவே பிள்ளை உண்டாக்கியது என முடிவு செய்தோம். அதனைத் தெரிந்து, கழித்தற் குறியை அழுத்தினோம். இப்பாகம் அழிக்கப்படும், சம்மதமா என்று கணினி கேட்டது. வாசியாமலே சம்மதம் என்றோம்.

விண்டோஸ் குடியிருந்த பாகத்தின் பெயர்தான் 'பூட்காம்ப்' என்பதை அதன் பின்னரே மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

பெட்டி இருந்த இடம் வெறுமையாயிற்று. மேலேயுள்ள பெட்டியின் மூலையைப் பிடித்து இழுத்தால் அவ்வெற்றிடம் நிரம்பும். அவ்வாறு இழுப்பதற்காக எமது விரலும் எழுந்துவிட்டது. அவ்வேளை மருமகன் எமது பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, கருவியை எம் காதில் வைத்தான். கொழும்பிலே கணினித்துறையில் பணிபுரியும் அவர் உரத்துச் சொன்ன சொற்கள் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றன: "சேர், ஒண்டையும் தொடாதேங்கோ! அப்படியே நிப்பாட்டிப்போட்டு வையுங்கோ. நான் சனிக்கிழமை வாறன்."

சனிக்கிழமை வரை மூன்று இரவுகள். எமது இல்லாள் சமைத்தவை ஆறிப்போயின. தந்தையாரின் குரலை இரண்டாம் முறையும் அடக்கம் செய்துவிட்டோமோ என்ற ஏக்கம் நெஞ்சை அரித்தது.

அன்பர் வந்ததும் முதலில் கடதாசி ஒன்றை எடுத்து, நடந்தது யாதெனப் படம் வரைந்து காட்டினார். காணி உறுதியை அறிந்த யாழ்ப்பாணத்தாருக்கு அது எளிதில் விளங்கும். வன்தட்டு ஒரு பெருங்காணி. அதனைக் கணினி, 512 பைற் கொண்ட சிறு சிறு துண்டங்களாக எண்ணுகின்றது. 500 கிகாபைற் தட்டொன்றில் இத்தகைய துண்டங்கள் 97 கோடியே 67 இலட்சத்து 73 ஆயிரத்து 168 உள்ளன. இன்ன பாகம் இன்ன துண்டத்தில் தொடங்கி இன்ன துண்டத்தில் முடிகின்றது என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணையே உறுதி.

எமது கணினியிலோ உறுதிகள் இரண்டு இருந்தன. ஒன்று 1983 தொட்டு வழக்கிலுள்ள பழைய முறை. அது காணியின் முதற் துண்டத்தில் எழுதப்படுவது. நான்கு பங்குகளுக்கு மேல் அதில் இடமில்லை. மற்றையது புதிய முறை. 128 பங்குகள் வரை எழுதலாம். அதன் படியொன்று காணியின் கடைசி எல்லையிலும் வைக்கப்படும். மக் புதிய உறுதியை வாசித்தது. எமது கணினியில் நிறுவப்பட்டிருந்த விண்டோஸ் 7 பழையதை வாசித்தது. தொடக்கத்துக்கான மறைபாகம், மக், அதன் மீட்புப் பாகம், விண்டோஸ் ஆகிய நான்கும் இருந்தவரை இரண்டும் ஒத்திருந்தன. பிள்ளை ஐந்தாவது பங்கைச் சேர்த்ததும் பழைய உறுதியில் இடம் போதவில்லை. விண்டோஸின் பங்கு அதிலிருந்து விடுபட்டது. காணியில் ஒரு பிடி மண்ணும் அசையவில்லை; வாயில் மாத்திரமே மறைந்தது. அவன் செய்தது அவ்வளவே. புதிய உறுதியிலிருந்தும் அதனை வெட்டி எறிந்தவர் நாமே! கடைசி எல்லையிலிருந்த படியும் உடனே அதற்கேற்ப மாற்றி எழுதப்பட்டுவிட்டது.

"அப்படியெண்டால் எல்லாம் அழிஞ்சு போச்சோ?" என்று கேட்டோம்.

"இல்லை, சேர். உறுதிதான் போச்சு. காணியை ஒருவரும் உழவில்லை" என்றார் அன்பர். நாம் பெட்டியின் மூலையை இழுத்திருந்தால் மக் அந்நிலத்தைத் தனதாக்கிக்கொண்டிருக்கும். அதில் அது எழுதிய ஒவ்வொரு கோப்பும் தந்தையாரின் ஒரு பக்கத்தை அழித்திருக்கக்கூடும்.

அவர் உடனே மீட்பு வேலையைத் தொடங்குவார் என எதிர்பார்த்தோம். அவரோ, லினக்ஸ் இயங்குதளம் கொண்ட பென் டிரைவ் ஒன்றினால் கணினியைத் தொடக்கி, தாம் கொண்டுவந்த வெளி வன்தட்டில், முழுத் தட்டையும் துண்டம் துண்டமாகப் படியெடுக்கத் தொடங்கினார். வெற்றிடமெனத் தோன்றிய பகுதியும் அதில் அடங்கும். ஏறக்குறைய மூன்று மணி நேரம் சென்றது. எமது பொறுமையின்மையைக் கண்டு, "மூலத்தில கை வைக்கக்கூடாது, சேர். படியில தேடுவம். பிழைச்சால் இன்னொரு படி எடுக்கலாம்" என்றார். 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றி நாமே இவருக்குப் பாடம் சொல்லியிருக்கின்றோம். செல்லரித்த ஏடு தொட்டால் ஒடியும். ஆதலால் முதலிற் படியெடுத்தல் வேண்டும் என்று கூறிய நினைவும் உண்டு. மாணவர் மறக்கவில்லை, ஆசிரியர்தான் மறந்துவிட்டார்.

பின்னர் அப்படியின் மேல், பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கி இலவசமாக வழங்கும் 'டெஸ்ட் டிஸ்க்' என்ற மென்பொருளை இயக்கினார். உறுதி இல்லாத காணியில் எல்லையை எவ்வாறு அறிவது? நிலஅளவையாளர் எல்லைப் பனையைத் தேடுவதுபோலவே இதுவும் தேடுகின்றது. விண்டோஸ் தன் பாகத்தின் முதற் துண்டத்தில் தன் கோப்பு முறையின் பெயரையும், பாகத்தின் நீளத்தையும் பொறித்து வைக்கின்றது. அதே துண்டத்தின் படியொன்றைத் தன் பாகத்தின் கடைசித் துண்டத்திலும் வைக்கின்றது. ஆதலால் ஒரு பனையைக் கண்டால் மற்றப் பனை எங்கேயென அறியலாம். எமது வெற்றிடத்தில் இரு பனைகளும் நின்றன. இடையே 120 கிகாபைற்.

கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. அவற்றுள் 'ஐயா சொன்னவை' என்ற பெயரும் இருந்தது. அன்பர் அதனை வேறொரு பென் டிரைவில் எடுத்து, தமது கணினியில் திறந்தார். எமது நெஞ்சு உடைந்தது. ஏனெனில் தமிழ் ஒன்றையும் காணோம். ஆங்கில எழுத்துகளும் காற்புள்ளிகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து பக்கம் பக்கமாக நின்றன. "பழுதாகிப் போச்சே" என்று தலையிற் கைவைத்தோம்.

அருகில் நின்ற மருமகன் மெல்ல, "மாமா, இது பாமினியெல்லோ? இவரின்ர கணினியில அந்த எழுத்துரு இல்லைப்போல" என்றான். ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைப்பது பாமினியின் முறை. எழுத்துரு இல்லாவிடின் அந்த ஆங்கிலமே தோன்றும். எழுத்துருவை நிறுவியதும், கண்ணிமைக்கும் நேரத்தில், தந்தையாரின் முதல் வாக்கியம் திரையில் நின்றது. இல்லாள் குசினியிலிருந்து ஓடிவந்து பார்த்தார். எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

எஞ்சியவை விரைவில் முடிந்தன. கோப்புகள் யாவும் வெளியே பத்திரமான பின்னரே அன்பர் மூலத் தட்டில் கைவைத்தார். கண்டறிந்த எல்லைகளைப் புதிய உறுதியில் மீண்டும் எழுதினார். பின்னர் வேறொரு மென்பொருளால், விண்டோஸின் பங்கு இடம்பெறுமாறு பழைய உறுதியையும் சீர்செய்தார். மாலையில் விண்டோஸ் வாயில் திறந்தது.

அன்றிரவு மருமகனை அழைத்து, அவன் மீது சினந்தது தவறு என்று கூறினோம். வயதில் மூத்தவர் இளையவரிடம் இவ்வாறு கூறுவது எம்மவரிடையே அரிது. ஆயினும் கூறாமல் எமக்கு உறக்கம் வந்திராது.

மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் எமது அனுபவத்தால் சொல்லக்கூடியவை சிலவே. ஒரு பாகம் மறைந்தால் உடனே நிறுத்துங்கள். புதிதாக ஒன்றும் எழுதாதீர்கள். தட்டை வடிவமைக்கும்படி கணினி கேட்டாலும் இணங்காதீர்கள். படியெடுத்து, படியிலேயே தேடுங்கள். சுழலும் தட்டுக்குப் பதிலாக இன்று பரவலாக உள்ள திண்மநிலைச் சேமிப்பகங்களில், நீக்கிய தரவைக் கருவி தானே துடைத்துவிடக்கூடும். அங்கே எமக்குக் கிடைத்த மூன்று நாள் அவகாசம் கிடைக்குமென நம்புதற்கில்லை. 2020 முதல் வெளிவரும் அப்பிளின் சொந்தச் செயலியுடைய மக் கணினிகளில் பூட் காம்ப் முறை இல்லை. ஆனால் பழைய இன்டெல் கணினிகள் இன்னும் பல வீடுகளில் உழைக்கின்றன. அவற்றுள் யாருடைய தந்தையார் இருக்கின்றாரோ!

ஒரே பிரதியாக இருந்தவை எரிந்தால் மீளா என்பதை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு கண்ட சமூகம் நாம். அந்நினைவோடும் ஒரே பிரதியை வைத்திருந்தோம் என்பதே எமது வெட்கம். இப்பொழுது 'ஐயா சொன்னவை'யின் ஒரு பிரதி தம்பியிடம் கனடாவில் உள்ளது. ஒன்று அன்பரிடம் கொழும்பில் உள்ளது. அச்சிட்டுக் கட்டிய ஒன்று எமது அலுமாரியில் உள்ளது. அந்த விடுமுறை முடியுமுன்னரே 142 பக்கங்களையும் யூனிக்கோட் முறைக்கு மாற்றித் தந்தவன், 'படங்கள்' என்று பெயர் வைத்த எமது மருமகனே.