மணிரத்னம் படம் ஓட்டியவன் சொல்வது

மணிரத்னம் படங்களில் முதலிடம் ‘நாயகன்’ படத்துக்கா, ‘இருவர்’ படத்துக்கா என்று கொல்லிமலைச் செம்மேட்டு டீக்கடையில் நடக்கிற சண்டை ஓய்ந்தபாடில்லை. 2025 ஜூனில் ‘தக் லைஃப்’ வந்த பிறகு இன்னும் சூடு பிடித்துவிட்டது. நாமக்கல்லில் படித்துவிட்டு விடுமுறைக்கு மலையேறி வரும் பிள்ளைகள், சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் மிளகும் ஏற்றுகிற வேன் டிரைவர்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது இடம் ‘மௌன ராக’த்துக்கா ‘தளபதி’க்கா என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு டீ ஆறிப்போகும். ‘இதய கோவி’லையும் ‘கட’லையும் கடைசிக்குத் தள்ளுவதில் மட்டும்தான் எல்லாருக்கும் ஒற்றுமை.

அவர்கள் அடுக்குகிற படங்களில் பாதியை நான் ஓட்டியிருக்கிறேன். ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அக்னி நட்சத்திரத்தை நீங்க யாரும் இன்னும் சரியாப் பார்க்கலியேப்பா” என்றேன். “போன்லயே நாலஞ்சு தடவை பார்த்தாச்சு பெரியப்பா” என்றான் ஒரு பையன். பக்கத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டே, “நீங்க சுவிட்சப் போட்டீங்க, படம் ஓடுச்சு. அவ்வளவுதானுங்களே!” என்றான்.

சுவிட்ச்! மின் ஆய்வுத் துறையில் பரீட்சை எழுதி ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கினவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. அங்கே நான் பதில் சொல்லவில்லை. டீக்கடையில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை அது.

சுவிட்ச் போட்டால் மோட்டார் ஓடும். திரையில் படம் தெரிவதற்கு வெளிச்சம் வேண்டும். ‘நாயகன்’ வந்த 1987 தீபாவளிக்கு, மலையடிவாரத்தில் நான் வேலை பார்த்த கொட்டகையில் அந்த வெளிச்சம் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில்தான் எரிந்துகொண்டிருந்தது. பாசிட்டிவ் குச்சியின் முனையில் குழி விழுந்து, அந்தக் குழியில்தான் வெளிச்சம் பிறக்கும். எரிய எரியக் குச்சி குறையும். குறையக் குறைய இடைவெளி கூடும். கையால் திருகித் திருகி இடைவெளியைக் காக்க வேண்டும். குழி கண்ணாடிக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் நகர்ந்தால் திரையின் ஓரத்தில் நீலம் பாயும், இல்லையென்றால் பழுப்பு ஏறும். வோல்டேஜ் வேறு சாயங்காலமானால் படுத்துக்கொள்ளும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சேலத்துப் பெரிய தியேட்டர்களில் ஓட்டிப் பழகியவர். ஏதோ மனஸ்தாபத்தில் எங்கள் பக்கம் வந்து தங்கிவிட்டார். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘மலைக்காரா’ என்பார். முதலில் மெஷினைத் தொடவே விடவில்லை. ரீவைண்டர் முன்னால் உட்காரவைத்து, ஓடுகிற பிலிமின் ஓரத்தை விரலுக்கிடையில் பிடிக்கச் சொன்னார். கிழிந்த பல்துளை விரலில் தட்டுப்பட வேண்டும், தட்டுப்பட்ட இடத்தில் கை தானாக நிற்க வேண்டும். விரல் நுனி அறுந்து ரத்தம் வந்தாலும், “பிலிம்ல கறை பட்டுடப்போகுது, தொடைச்சிட்டு வா” என்பாரே தவிர வேறு ஒன்றும் சொல்லமாட்டார்.

மெஷினில் நிற்க விட்ட பிறகு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: “கதையைப் பார்க்காதே. திரையோட நாலு மூலையைப் பார்.” அழுகைக் காட்சியில் என் கண் கலங்கினால் முதுகில் ஒரு அடி விழும். லாம்ப் ஹவுஸின் பக்கவாட்டில் ஊசித்துளை போட்டிருப்பார். குச்சிகள் எரிவது அதன் வழியாகப் பக்கத்துச் சுவரில் தலைகீழாக விழும். அந்தச் சுவரில் பென்சிலால் இரண்டு கோடு கிழித்து, கார்பன் முனை கோட்டைத் தாண்டக்கூடாது என்பார். ஒரு கண் சுவரில், ஒரு கண் திரையில். ஒரு ஷோ முடிந்து வெளியே வந்தால் படத்தின் கதை என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த ரீலில் எந்த மூலை மங்கியது என்று சொல்லிவிடுவேன்.

பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த படம் என்றால் பெட்டி வருவதற்கு முன்னாலேயே, “நல்ல குச்சியா எடுத்து வை மலைக்காரா” என்பார். வேறு படங்களுக்கு முதலாளி சொல்கிறபடி எரிந்து மிஞ்சிய துண்டுகளை ஒட்டவைத்து ஓட்டுவோம். வெயிலில் எடுத்த படத்துக்கு அது போதும். இருட்டில் எடுத்த படம் விளக்கின் யோக்கியதையைக் காட்டிக்கொடுத்துவிடும். வேலு நாயக்கர் முதன்முதலாகப் போகிற அந்த விபச்சார விடுதி அறையில், மறுநாள் கணக்குப் பரீட்சை என்று அந்தப் பெண் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாளே, அங்கே கரண்ட் கொஞ்சம் குறைந்தாலும் முகம் சுவரோடு கலந்து காணாமல் போகும். காணாமல் போனால் பெஞ்சிலிருந்து விசில் வரும், “டேய் ஆபரேட்டர், லைட்டப் போடுடா” என்று சத்தம் வரும், சில நாள் செருப்பும் வரும். நன்றாகத் தெரிந்துவிட்டால் பாராட்டு ஸ்ரீராமுக்குப் போகும். போகட்டும், அவருக்கு அந்தப் படத்துக்கு தேசிய விருதே கிடைத்தது. எங்களுக்குச் செருப்பு.

1988 சித்திரையில் வந்த ‘அக்னி நட்சத்திரம்’ இதைவிடப் பெரிய சோதனை. அதில் ஒரு ஷாட்டில் ஆளின் விளிம்பு மட்டும் தெரியும். அடுத்த ஷாட்டில் வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் வழியும். இருட்டுக்காக ஆம்பியரைக் கூட்டினால் வெளிச்ச ஷாட்டில் முகம் வெளுத்து அப்பளமாகிவிடும். வெளுக்காமல் இருக்கக் குறைத்தால் இருட்டு ஷாட் குழம்பிவிடும். ஷாட்டுக்கு ஷாட் திருகிக்கொண்டு நிற்கவும் முடியாது. அந்தப் படத்துக்கு ஒரே வழிதான்: கண்ணாடியில் சாம்பல் இருக்கக்கூடாது, கேபின் துளைக் கண்ணாடியில் விரல் ரேகை இருக்கக்கூடாது, குழி நட்ட நடுவில் நிற்க வேண்டும். இதற்கு மேல் கொட்டகை முழுக்க பீடிப் புகை. என் ஆசான் அந்தப் படம் ஓடிய நாட்களில் இடைவேளைக்குக்கூட வெளியே வரமாட்டார். கார்பன் செலவு ஏறிப்போச்சு என்று முதலாளி கத்தியபோது, என் குச்சிக்கு நான் காசு தருகிறேன் என்று சொன்ன மனிதர் அவர்.

‘தளபதி’ 1991 தீபாவளிக்கு ‘குணா’வோடு சேர்ந்து வந்தது. அதன் ஆரம்பம் கறுப்பு வெள்ளை. ரசிகர்கள் அதை அழகு என்கிறார்கள், பிறந்த குழந்தையை விட்டுப்போகிற தாயின் துக்கம் என்கிறார்கள். எனக்கு அது பரீட்சை. கலரில் விளக்கின் பழுப்பு தெரியாமல் ஒளிந்துகொள்ளும். கறுப்பு வெள்ளையில் ஒளிய இடமில்லை. ரஜினி வருவதற்குள் ஆபரேட்டர் பாஸா பெயிலா என்று தெரிந்துவிடும்.

பிரிண்ட் என்ற ஒன்றைப் பற்றி இந்தப் பட்டியல்காரர்கள் யாரும் பேசுவதே இல்லை. எங்களுக்குப் பெட்டி வருவது கடைசியில். ஓடுகிற படம் என்றால் நாற்பது ஊர் மெஷினைக் கண்டுவிட்டுத்தான் வரும். மேலெல்லாம் கோடு, ஒவ்வொரு ரீலின் தலையும் வாலும் வெட்டி வெட்டிக் குறைந்திருக்கும். ஒரு அடிக்கு 16 பிரேம், ஒரு நொடிக்கு 24. மூன்று அடி போனால் இரண்டு நொடி போச்சு. மற்றவர்கள் படத்தில் இரண்டு நொடி போனால் ஒரு குடம் வசனத்தில் ஒரு சொட்டு. மணிரத்னம் படத்தில் அந்த இரண்டு நொடியில்தான் காட்சியின் மொத்த வசனமும் இருக்கும்! ரீல் முடிகிற இடத்தில் ஒருவர் கேள்வி கேட்பார், பதில் எங்கேயோ ஒரு ஊரின் கேபின் தரையில் கிடக்கும்.

ஓடாத படத்தின் பிரிண்ட் மட்டும் புத்தம் புதிதாக வரும். 1997இல் ‘இருவர்’ அப்படித்தான் வந்தது. அதற்குள் நாங்கள் செனான் விளக்குக்கு மாறியிருந்தோம். பெஞ்செல்லாம் காலி. சந்தோஷ் சிவன் எடுத்ததை ஒரு கீறல் இல்லாமல், நான்கு மூலையும் ஒரே வெளிச்சமாக ஓட்டினேன். நான் ஓட்டியதில் அத்தனை சுத்தமாகத் திரையில் விழுந்த படம் வேறு இல்லை. பார்க்கத்தான் ஆள் இல்லை. இன்றைக்கு அதை முதலிடத்தில் வைக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்?

மலை மேலேயும் ஓட்டியிருக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு 16 எம்.எம். மெஷினும் ஜெனரேட்டரும் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும். ஊரார் ‘நாயகன்’தான் வேண்டும் என்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கும். மெஷினுக்கும் திரைக்கும் நடுவில் வெளிச்சம் வெள்ளைத் தூணாக நிற்கும், திரைக்குப் போய்ச் சேர்வது கால்வாசிதான். அடிவாரத்திலேயே தெரியாத காட்சிகள் மலையில் எப்படித் தெரியும்? மெஷினைத் திரைக்குக் கிட்டே நகர்த்துவேன். படம் சிறிசாகும், ஆனால் முகம் தெரியும். சிறிசானதற்கும் திட்டுவார்கள். அன்றைக்கு அங்கே கம்பளி போர்த்திக்கொண்டு பார்த்த ஜனங்களுக்கு ‘நாயகன்’ என்றால் ஒரு போர்வை அகலப் படம்தான். 2005இல் ‘டைம்’ பத்திரிகை உலகின் சிறந்த நூறு படங்களில் அதைச் சேர்த்ததே, அந்தப் படமும் இந்தப் படமும் ஒன்றா?

இப்போது பெட்டி இல்லை, கார்பன் இல்லை, ரீல் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, நேரத்தைப் பதிந்துவிட்டுப் பையன் கீழே பாப்கார்ன் விற்கப் போய்விடுகிறான். சுவிட்ச் போடுகிற வேலை என்று சொன்னால் இதைச் சொல்லலாம். 2024 டிசம்பரில் ‘தளபதி’ மறுபடி வெளியானபோது ஆசையாக மலையிறங்கிப் போனேன். கீறல் இல்லை, ஆட்டம் இல்லை, சத்தம் தேன். வெளிச்சம்தான் இல்லை. பல்பு நாள்பட உழைக்கட்டும் என்று குறைத்து வைத்திருந்தார்கள். 3டி படத்துக்கு மாட்டிய ஃபில்டரைக் கழற்றாமலே சாதாரணப் படத்தை ஓட்டுகிற இடங்களும் உண்டு. மேலே போய்ச் சொல்லலாம் என்றால் கேபினில் ஆளே இல்லை. முன்பெல்லாம் திட்டுவதற்காவது ஒருத்தன் இருந்தான். கொட்டகை நிறைய ஜனம் இருந்தது, ஒருவர்கூட விசில் அடிக்கவில்லை. இருட்டாக இருந்தால் மணிரத்னம் படம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்து அதற்கும் ஒரு இடம் போடுகிறார்கள்.

என் வரிசை வேறு. ஓட்டக் கஷ்டமானதில் ‘அக்னி நட்சத்திரம்’ முதல். அடுத்தது ‘நாயகன்’. மூன்றாவது ‘தளபதி’, அதுவும் அந்த ஆரம்பத்துக்காக மட்டும். ‘அஞ்சலி’யை ஏன் யாரும் சேர்ப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை, மது அம்பாட் அதில் வைத்த இருட்டும் லேசுப்பட்டதில்லை. ‘இதய கோவில்’ படத்தை நீங்கள் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இளையராஜா பாட்டுக்காகவே ஜனம் திரும்பத் திரும்ப வந்து எங்களுக்குச் சம்பளம் கொடுத்த படம். ‘ரோஜா’ பாதி பச்சை, பாதி பனி, எல்லாம் பட்டப்பகல். துண்டுக் குச்சியை வைத்துக்கூட ஓட்டிவிடலாம். அதில் எனக்கு வேலையே இல்லை, அதனால் என் பட்டியலில் அதற்குக் கடைசி இடம்.