ஆடு கட்டும் இடம்

நவம்பர் 19, பாதாமி

விடிய விடிய மழை. ஈரம் ஊறிய மணற்கல்லில் ஏறக்கூடாது. பிடி பெயர்ந்து கையோடு வந்துவிடும். கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு நடக்கப் போனேன். நாங்கள் ஏறும் பாறைக்குப் பின்பக்கம், கள்ளிப் புதரைத் தாண்டினால் ஓர் இடுக்கு. மறுபடி தூறல் பிடித்ததால் நுழைந்தேன். குனிந்து கொஞ்ச தூரம் போனதும் நிமிர்ந்து நிற்க முடிந்தது. கண் பழகிய பிறகுதான் தெரிந்தது: கூரைக்குச் சற்றுக் கீழே, காவி நிறத்தில் ஒரு காளை. பெரிய திமில், வளைந்த கொம்பு, வயிற்றில் குறுக்குக் கோடுகள். பக்கத்தில் கை விரித்தபடி ஒரு மனிதன். அவனுடைய ஒரு கால் இருந்த இடத்தில் கல் பொரிந்து உதிர்ந்திருக்கிறது.

இத்தனை வருஷமாக இங்கே ஏற வருகிறவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லிக் கேட்டதில்லை. என் குகை.

நவம்பர் 20

தூக்கமே வரவில்லை.

நவம்பர் 22

பாதாமியைச் சுற்றிப் பழைய ஓவியப் பாறைகள் இருப்பது ஆய்வாளர்கள் அறிந்ததுதான். சில கிலோமீட்டர் தள்ளி சித்லபடி இருக்கிறது. ஆனால் இந்த இடுக்கைப் பற்றி நான் படித்த எதிலும் இல்லை. போனில் படம் எடுத்தால் மங்கலாக வருகிறது. தண்ணீர் தெளித்தால் நிறம் பளிச்சென்று எழும்பும். பல ஊர்களில் ஓவியங்களை அப்படித்தான் கெடுத்தார்கள். நனைந்து நனைந்து காய்ந்தால் உப்புப் பூத்து, நிறத்தோடு கல்லும் உரியும். படம் மங்கலாகவே இருக்கட்டும்.

நவம்பர் 23

தம்பியிடம் சொன்னேன். கூடப் பிறந்தவன் இல்லை. கயிற்றின் மறுமுனையில் என் உயிரைப் பிடித்திருப்பவன். அவன் முகம் மாறியது. "அக்கா, அதுக்கு நேர் மேலதான் நான் பார்த்து வச்சிருக்கிற லைன்." பெங்களூரிலிருந்து பாறையைத் துளைக்க டிரில் வந்துவிட்டது, கயிறு மாட்ட அடிக்கும் போல்ட் வந்துவிட்டது. முதலில் ஏறுகிறவர் பாதைக்குப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். "உங்க காளை பேரையே வச்சிடலாம்" என்றான், என்னைச் சமாதானம் செய்ய.

அந்த லைனில் ஏறுகிறவனுக்குக் கயிறு பிடிப்பவர் குகை வாசலில்தான் நிற்க வேண்டும். பிறகு பைகள், சாக் பவுடர், பாட்டுப் பெட்டி, வெயிலுக்கு உள்ளே ஒதுங்குகிறவர்கள்.

நவம்பர் 25

பாதாமி ஏரிக்கரைக்குப் போனேன். 642-இல் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியை, அதாவது இதே பாதாமியை, பிடித்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கே பாறையில் சிதைந்து கிடக்கிறது. 'சிவகாமியின் சபதம்' படித்த வயதில் இதைப் பார்க்க எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! வென்றவன் பேரை வெட்டிவிட்டுப் போனான். பிற்பாடு சாளுக்கிய விக்கிரமாதித்தன் ஊரை மீட்டுக்கொண்டான். இன்று ஏனோ அங்கே அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 26

இடுக்குக்குள் இரண்டு ஆட்டுக்குட்டிகள்! முளைக்குச்சியில் கட்டப்பட்டிருந்தன. வாசலில் ஒரு பெரியவர், தோளில் கம்பளி.

அரைகுறைக் கன்னடத்தில் அவரை அஜ்ஜா, அதாவது தாத்தா, என்று கூப்பிட்டுப் பேசினேன். அஜ்ஜாவின் அப்பா காலத்திலிருந்தே மழைக்குக் குட்டிகளை இங்கேதான் கட்டுகிறார்களாம். இதற்கு என்ன பேர் என்றேன். "பேரென்ன யவ்வா, ஆடு கட்டுற இடம்."

காளையைக் காட்டினேன். தலையாட்டினார். எதிர்ச்சுவர் முழுக்க அடுப்புக் கரி ஏறிக் கறுத்திருக்கிறது; காளை இருக்கும் பக்கம் ஒரு பொட்டுக் கரி இல்லை. அந்தப் பக்கம் தீ மூட்டக்கூடாது என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்டேன். "அது இருக்கே" என்றார்.

புறப்படும்போது அவர்தான் கேட்டார்: "யார்கிட்டயாவது சொல்லுவியா?" வேறொரு குன்றில் கம்பி வேலி வந்த பிறகு மேய்ச்சல் போய்விட்டதாம். வேலி என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

நவம்பர் 29

தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்துவிட்டால் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வரும். 2010 திருத்தத்தின்படி சுற்றிலும் 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. ஓவியத்துக்கு இதைவிட வலுவான காவல் ஏது? அஜ்ஜாவின் குகைக்கு ஆடு வருமா என்பதற்கு எந்தப் பிரிவிலும் பதில் கிடைக்கவில்லை. 'அமைவிடம்' என்று தட்டச்சு செய்து நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 1

சண்டை. "ஆறடி தள்ளினா லைனே செத்துடும்க்கா." செத்தால் சாகட்டும் என்று கத்தினேன்.

டிசம்பர் 3

தம்பி தானாகவே கூட வந்தான். காளைக்கு எதிரே உட்கார்ந்து, வயிற்றுக் கோடுகளை விரல் படாமல் காற்றில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தான். போல்ட் அடிக்கலாமா என்று அஜ்ஜாவிடம் தானே கேட்கிறேன் என்றான். அவர் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்று பேரன் சொன்னான்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில். தம்பி டிக்கெட்டை மாற்றப் பார்க்கிறான். டிரில் அவன் பையில்தான் இருக்கிறது.