பாட்டின் வரவும் செலவும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

பேருந்தில் ஏறினால் பாட்டு. தேநீர்க் கடையருகே நின்றால் பாட்டு. திருமண வீட்டிலே பாட்டு, திருவிழாவிலே பாட்டு, தெருவிலே இட்லி மாவு விற்றுச் செல்லும் வண்டியிலும் பாட்டு! பாட்டில்லாத வேளையை இன்று நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இத்தனை பாட்டையும் நாம் காசு கொடுத்தா கேட்கிறோம்? கைப்பேசியைத் தொட்டால் வருகிறது, விட்டால் நிற்கிறது. கேட்பவருக்குச் செலவில்லை என்றால் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் வரவு எங்கிருந்து வரும்? தோழியரே, எங்கள் பாட்டுக் குழுவினர் ஐவரும் இந்த ஆண்டு முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் அலைந்தோம்.

அலைந்ததற்குக் காரணம் உண்டு. ஐவரில் ஒருத்தி வயலின் வாசிப்பவள். தேர்வு முடிந்ததும் முதல் பிரிவா, மூன்றாம் பிரிவா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில், அவள் மட்டும் இசைக் கல்லூரி என்கிறாள். "சங்கீதம் சோறு போடுமாடி?" என்று கேட்கிறார் அவள் அம்மா. அம்மா அறியாமல் கேட்கவில்லை. அவருடைய அப்பா கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பல்லாண்டு வயலின் வாசித்தவர். வீட்டுக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதெல்லாம் மகளுக்குத் தெரியும். ஆகவே நாங்கள் தாத்தாவிடமே போனோம்.

"ஒரு கால்ஷீட் வாசிச்சா ஒரு கால்ஷீட்டுக்குக் கூலி, பிள்ளைங்களா. அன்னிக்கு வாசிச்சோம், வாங்கிட்டு வந்தோம். என்ன படம், என்ன பாட்டுன்னுகூடச் சில நாள் தெரியாது. பிற்பாடு ரேடியோவுல வரும்போது, அட, இது நம்ம வாசிச்சதாச்சேன்னு காதைக் கிட்ட வெச்சுக் கேப்போம்" என்றார் தாத்தா. அந்தப் பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. அதற்காக அவருக்கு வருவது என்ன என்று கேட்டோம். சிரித்துவிட்டு, வில்லுக்கு ரோசின் தடவத் தொடங்கினார்.

இசைத்தட்டுக் காலத்தில் கணக்கு எளிதாக இருந்தது. நாயும் குழாயும் படம் போட்ட எச்.எம்.வி. தட்டை நம் பாட்டிமார் அறிவர். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையிலே அச்சாகி அது ஊர் ஊராகப் போயிற்று. எத்தனை தட்டு விற்றதோ அத்தனைக்குப் பணம். தட்டு செய்ய ஆலை வேண்டும். ஆகவே ஆலை உடையவரே அரசர். 1980களில் கேசட் பரவியதும், சிறு முதல் உள்ளவர்களும் கம்பெனி தொடங்கினார்கள். கூடவே திருட்டுக் கேசட்டும் வந்தது. தட்டானாலும் கேசட்டானாலும், புதுப்படப் பாட்டு ஓரிரண்டு ஆண்டு நன்றாக விற்கும், பிறகு ஓயும். அந்த நாளில் கூலியை மொத்தமாக வாங்கிக்கொண்டு எழுந்து வந்தவருக்கு இழப்பு அவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்காது.

அந்தக் காலத்துச் சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கிலே, படத் தயாரிப்பாளர் கூலி கொடுத்து இசையமைக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்த இசைக்கு அவரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்குச் சட்டத்திலே இடமில்லையே என்று வருந்தித் தனியே ஒரு குறிப்பு எழுதினார். பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது 1994இலே. பதினேழு ஆண்டு! நாங்கள் பிறந்து வளர்ந்து பத்தாம் வகுப்பு வருவதற்குள் ஆகும் காலத்தைவிட அது மிகுதி.

இனி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். ஏனெனில் தட்டையும் கேசட்டையும் ஒழித்த காற்று அங்கிருந்துதான் வீசியது. 1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற மாணவர் 'நாப்ஸ்டர்' என்ற நிரலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 18, எங்களைவிட மூன்றே வயது மூத்தவர். ஒருவர் கணினியில் உள்ள பாட்டை முன்பின் அறியாத இன்னொருவர் இணையத்தின் வழியே எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம்; கடை வேண்டாம். கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன; 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. ஆனால் ஓசியிலே ருசி கண்ட உலகம் திரும்பிக் கடைக்குப் போகவில்லை. 2003இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டு 99 சென்ட் என்று இணையத்திலே விற்றுப் பார்த்தது. அதனாலும் சரிவு நிற்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிகளின் உலகச் சங்கம் தரும் கணக்கின்படி, 1999இல் சுமார் 2,200 கோடி டாலராக இருந்த உலக வருமானம், 2014இல் சுமார் 1,300 கோடிக்கு இறங்கிவிட்டது. நம் நாட்டில் அந்த ஆண்டுகளிலே கம்பெனிகளைத் தாங்கிப் பிடித்தவற்றுள் ஒன்று, தொலைபேசியில் அழைத்தால் மணிக்குப் பதில் பாட்டு ஒலிக்குமே, அந்த 'காலர் ட்யூன்'! சிரிப்பாக இருந்தாலும் உண்மை.

பிறகு நிலைமை மாறிற்று. ஸ்வீடன் நாட்டில் 2008இல் தொடங்கிய ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்கள், பாட்டை விற்காமல், கேட்கும் உரிமையை மாதச் சந்தாவுக்குக் கொடுத்தன. சந்தா கட்டாதவர் விளம்பரத்தோடு கேட்கலாம். பாட்டு நம்மிடம் தங்குவதில்லை. குழாய் நீர்போல் ஓடிவந்து போகிறது. 2024இல் உலக வருமானம் 2,960 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 69 பங்கு இப்படி ஓடும் பாட்டிலிருந்தே வந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் இது 1999ஐ இன்னும் எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பணத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள்? ஒரு பாட்டுக்கு இத்தனை காசு என்று விலை குறித்திருப்பார்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படி இல்லை. எல்லார் பணமும் ஒரே உண்டியலில் விழுகிறது. நிறுவனம் தன் பங்காக ஏறத்தாழ மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியை எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்ற விகிதப்படி பிரிக்கிறது.

கணக்கு டீச்சர் கற்பித்த விகிதத்தை இதற்குப் பயன்படுத்திப் பார்த்தோம். எங்கள் வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 100 ரூபாய் கட்டினால் 4,000 ரூபாய். நிறுவனம் 1,200 எடுத்துக்கொண்டால் மீதி 2,800. முப்பத்தொன்பது பேர் ஆளுக்கு 500 முறை சினிமாப் பாட்டுக் கேட்கிறார்கள். அது 19,500 முறை. மீதமுள்ள ஒருத்தி, யார் என்று சொல்ல வேண்டுவதில்லை, ஒரே ஒரு வயலின் வித்துவானை மட்டும் 100 முறை கேட்கிறாள். ஆக 19,600 முறை. வித்துவானுக்குப் போய்ச் சேருவது 14 ரூபாய் 29 காசு! அவள் கட்டிய நூறில் நிறுவனத்தின் பங்கு போக எழுபது ரூபாய் இருந்ததே, மீதி ஐம்பத்தைந்து ரூபாய்ச் சில்லறை எங்கே? அவள் ஒருமுறைகூடக் கேட்காத சினிமாப் பாட்டுகளுக்குப் போய்விட்டது. இரண்டு முறை போட்டுப் பார்த்தோம், விடை மாறவில்லை.

அவரவர் பணம் அவரவர் கேட்டவருக்கே போகட்டும் என்றொரு முறையும் உண்டு. சவுண்ட்கிளவுட் என்ற நிறுவனம் 2021இல் தன்னிடம் நேரடியாகப் பாட்டை வெளியிடும் கலைஞர்களுக்கு அப்படிப் பிரிக்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் உண்டியல் முறையிலேயே இருக்கின்றன. ஸ்பாட்டிஃபை 2024 முதல் இன்னொரு விதியும் வைத்தது: கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை ஒலிக்காத பாட்டின் பதிவுக்குப் பங்கே இல்லை. சில்லறையைப் பிரித்து அனுப்பும் செலவுதான் மிகுதி என்பது அவர்கள் சொல்லும் காரணம். நியாயம்போல் தோன்றினாலும், ஊரிலே புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு அந்த ஆயிரம் எளிதன்று என்பதே எங்கள் எண்ணம்.

பங்கு பிரிந்தாலும் பணம் நேரே கலைஞர் கைக்கு வருவதில்லை. முதலில் பதிவின் உரிமையாளரான கம்பெனிக்குப் போகிறது. பிறகு ஒப்பந்தப்படிதான் மற்றவர்க்கு. இங்கேதான் பழைய கம்பெனிகள் பிழைத்துக்கொண்டன. ஆலை போனாலும் அவர்களிடம் பழம் பாட்டுகளின் உரிமைப் பத்திரம் இருந்தது. எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட கம்பெனி 2000இல் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2017இல் ஐயாயிரம் பழைய பாடல்களை உள்ளே வைத்துப் பழைய வானொலிப் பெட்டி வடிவில் 'கார்வான்' என்றொரு கருவியை விற்றது. தமிழ்ப் பாடல்களுக்கும் தனிப் பெட்டி வந்தது. எங்கள் வீடுகளில் இரண்டிலே அது இருக்கிறது. பாட்டை ஓடவிடும் நிறுவனங்கள் எல்லாம் கொழிக்கின்றன என்றும் எண்ண வேண்டாம். இலவசமாகக் கேட்பவரே மிகுந்த நம் நாட்டில் 2024இல் மட்டும் ரெஸ்ஸோ, விங்க் ஆகிய இரண்டும் மூடப்பட்டன.

இப்போது தாத்தாவின் கூலிக்கு வருவோம். தட்டு விற்று ஓய்ந்தது. ஓடும் பாட்டு ஓய்வதில்லை. நாற்பது ஆண்டுக்கு முந்திய பாட்டும் இன்று இரவு யாரோ ஒருவர் கேட்டால், ஒரு சிறு காசை எங்கோ சேர்க்கிறது. ஆகவே அன்றைய கூலியைவிட, பங்குப் பட்டியலில் பெயர் இருப்பதே இன்று பெரிய சொத்து. இதை உணர்ந்தவர்கள் போராடினார்கள். கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் வாதாடினார். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்துக்குப் பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கிற்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியிலே சமபங்கு பெறும் உரிமையை இனி எழுதிக்கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். பாடுவோரும் வாசிப்போரும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கலாம் என்றும் அதே திருத்தம் சொல்லிற்று. அடுத்த ஆண்டே பாடகர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே சிறு வாசகம் ஒன்று இருக்கிறது. திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ பங்கேற்று, தொழில் வழக்கப்படி எங்கும் பெயர் போடப்படாதவர், ராயல்டி பெறும் கலைஞராகக் கருதப்படமாட்டார். இதைப் படித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தாத்தா வாசித்த எந்தப் படத்தின் தொடக்கத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. "இசைக்குழு"வில் ஒருவர், அவ்வளவே. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நான் சொன்னப்ப நம்பலையே!" என்றார்.

தாத்தா மட்டும் வேறு விதமாகச் சொன்னார். "எங்களுக்குக் கீபோர்டு வந்தப்பவே பாதி வேலை போச்சு. இருபது வயலின் உக்காந்த இடத்துல ரெண்டு போதும்னாங்க. ஆனா ரகுமான் தம்பி வந்த புதுசுல கேசட்டு அட்டையில வாசிச்சவங்க பேரையெல்லாம் போட்டாரு. அதை எங்க ஆளுங்க பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சாங்க. காசைவிட அது பெரிசாத் தெரிஞ்சுது." ஏ. ஆர். ரகுமானின் கேசட்டு அட்டைகளை எங்கள் வீட்டுப் பழம் பெட்டிகளில் தேடிப் பார்த்தோம். உண்மைதான், புல்லாங்குழல், வயலின் என்று பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன.

இன்று பாட்டை இணையத்தில் ஏற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு குறிகள் கொண்ட அடையாளக் குறியீடு கொடுக்கிறார்கள். அதனோடு எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் யார் யார் என்று நிரப்பவும் இடம் வைத்திருக்கிறார்கள். பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்களாம். ஆண்டு விழாவுக்காக எங்கள் பாட்டு டீச்சர் மெட்டமைத்த பாட்டை இவ்வாண்டு பதிவு செய்து ஏற்றினார்கள். ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து அந்தக் கட்டங்களை நாங்களே நிரப்பினோம். எழுதிய தமிழம்மா, மெட்டமைத்த டீச்சர், பாடிய நாற்பத்தொரு பேர், தபேலா, வயலின் எல்லாரும் உண்டு. இதுவரை 312 முறை ஒலித்திருக்கிறது. ஆயிரத்துக்கு இன்னும் வெகுதூரம். அதில் நூறு முறை நாங்களே கேட்டிருப்போம்!

தாத்தாவிடம் கைப்பேசியைக் கொடுத்தோம். பாட்டைத் தொடங்கும் முன்பே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பாட்டின் கீழே ஓடிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்துக்கொண்டே போனார். வயலின் என்ற இடத்தில் விரல் நின்றது. "இனிஷியல் சரியாப் போட்டிருக்காங்களா பாரு" என்று பேத்தியைக் கேட்டார். அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தானும் குனிந்து பார்த்தார். இசைக் கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி அன்று யாரும் பேச்செடுக்கவில்லை. ஆனால் அதை வாங்கும் கடைசி நாள் எது என்று மறுநாள் அம்மா கேட்டதாக அவள் வந்து சொன்னாள்.